வெற்றிடத்துக்கு ஒரு விசில்

மாமியாரும் மருமகளும் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். இந்த இருவர் விஷயத்தில் அந்தப் பதில் சுத்தத் தப்பு. இவர்கள் ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்லை. போட்டுத் தொலைத்திருந்தால் ஆறு வருஷம் மிச்சமாகியிருக்கும். அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

மாமியார் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் கட்டடக் கண்காணிப்பாளர். ஐந்து மாடி, ஒரு நிலவறை, இரண்டு லிஃப்ட், நூற்று நாற்பத்து மூன்று ஊழியர்கள், எல்லாம் அவர் பார்வைக்குள். எந்தக் குழாய் எப்போது சொட்டும், எந்தக் கதவு எவன் கையில் அடித்துச் சாத்தப்படும் என்பது அவருக்கு அத்துப்படி. கழுத்தில் ஒரு விசில், மேஜையில் ஐந்து மாடிக்கும் கேட்கிற மைக். முப்பது வருஷமாக அந்த மைக்கில் அவர் சொன்னது ஒன்றுகூடப் பொய்யானதில்லை. தண்ணீர் பத்து மணிக்கு வரும் என்றால் பத்து மணிக்கு வரும்.

மருமகள் கீழே நிலவறையில் ஆராய்ச்சி மாணவி. மாணவி என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள், முப்பத்து நான்கு வயது. நடுவில் இருக்கும் மகன், அதாவது அவள் கணவன், தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவன். வீட்டில் இவர்கள் இருவரும் பேசுவது தலையும் புரியாது வாலும் புரியாது என்பதால், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தான்.

அவர்கள் பேசியது என்ன? ஒன்றுமில்லாததைப் பற்றி.

"கீழ என்னம்மா பண்ற? நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்று மாமியார் முதல் வருஷமே கேட்டுவிட்டார். துணி மடித்துக்கொண்டிருந்த நேரம்.

"காலி இடத்துக்கு எவ்வளவு பலம் இருக்குன்னு அளக்குறேன் அத்தை."

மாமியார் கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்தார். "காலின்னா அங்க ஒண்ணும் இருக்காதே!"

"அங்கதான் விஷயமே. ஒரு பொருள் எங்க இருக்குன்னு ரொம்பத் துல்லியமாப் பிடிச்சா, அது என்ன வேகத்துல துடிக்குதுங்கிறது கை நழுவிப் போயிடும். வேகத்தைப் பிடிச்சா இடம் நழுவிடும். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்க யாராலயும் முடியாது. கருவி மோசம்னு இல்ல, உலகமே அப்படித்தான். அதனால எதுவுமே சுத்தமா அசையாம நிக்காது. காத்து, தூசி, வெளிச்சம் எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டாலும், அந்தக் காலி இடம் லேசா நடுங்கிக்கிட்டேதான் இருக்கும்."

"உன் புருஷன் மாதிரின்னு சொல்லு. தூங்கும்போதுகூடக் காலாட்டுவான்."

"அதேதான்! இப்ப ரெண்டு தட்டை ரொம்ப ரொம்ப நெருக்கமா வச்சா, நடுவுல சின்னச் சின்ன நடுக்கம் மட்டும்தான் நுழைய முடியும். வெளியில எல்லா அளவும் இருக்கும். அதனால…"

"இரு, இரு." மாமியார் சுவரோரம் அடுத்தடுத்து நின்ற இரண்டு பீரோக்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த ரெண்டு பீரோவுக்கும் நடுவுல ஒல்லியா இருக்கிறவங்கதான் நுழைய முடியும். வெளிய குண்டு, ஒல்லி, நெட்டை, குட்டைன்னு அத்தனை பேரும் நின்னு இடிச்சா? பீரோ உள்பக்கமாத்தானே நகரும்?"

மருமகள் மடித்துவைத்த துணிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். இதே சங்கதியை இயக்குநருக்கு விளங்க வைக்க அவள் நாற்பது பக்கம் எழுதியிருந்தாள், அதற்கும் அவர் "பார்ப்போம்" என்றுதான் சொல்லியிருந்தார்.

சொல்வது சுலபம், அளப்பதுதான் பிராணாவஸ்தை. தங்கம் பூசிய இரண்டு கண்ணாடி வில்லைகள். ஒன்று தாங்கியில் இறுகப் பொருத்தி, கருவி இம்மி இம்மியாக முன்னே நகர்த்துவது, மற்றது மெல்லிய கம்பியில் தொங்குவது. காற்றெல்லாம் உறிஞ்சி எடுத்த உருக்குப் பானைக்குள், தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் அவற்றை எதிரெதிரே நிறுத்த வேண்டும். அப்போது காலி இடம் தள்ளுகிற தள்ளு எவ்வளவு தெரியுமா? ஒரு கொசு இறகை ஆயிரம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டின் கனம். மேலே எவனோ நாற்காலியை இழுத்தால் போச்சு.

இதை மருமகள் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொல்லி அழுதாள். "அத்தை, மொத்தக் கட்டடமும் திங்கு திங்குன்னு நடக்குது. ஒரு பத்து நிமிஷம், ஒரே ஒரு பத்து நிமிஷம் எல்லாரும் சும்மா இருந்தாப் போதும்."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அந்த விசில் ஊதியது.

அடேயப்பா, அது என்ன ஒழுங்கு! விசில் ஊதிய நொடியில் ஐந்து மாடியும் உறைந்துவிடும். நகல் இயந்திரம் நிற்கும், லிஃப்ட் நிற்கும், குழாய் மூடும். மாடிப்படியில் ஒரு காலைத் தூக்கியவர் அதைப் பொத்தென்று கீழே வைத்துவிட்டுச் சிலையாகிவிடுவார். தும்மல் வந்தால் விழுங்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு மாமியார் முதல் நாளே பயிற்சி கொடுப்பார். பதினொன்று பத்துக்கு மறுபடி விசில், நூற்று நாற்பத்து மூன்று பேரும் ஒரே மூச்சில் எழுந்து நடப்பார்கள். இப்படி ஆறு வருஷம். "அவ அளந்துட்டாளா?" என்று மொத்தக் கட்டடமும் ஆவலாகக் கேட்கும். மருமகள் தினமும் அசடு வழியச் சிரிப்பாள். திரையில் புள்ளிகள் வரிசையாக ஏற வேண்டும். அவையோ தரையில் கொட்டிய கடுகு மாதிரி சிதறிக் கிடக்கும்.

கடைசியில் இயக்குநருக்கே பொறுமை போயிற்று. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நிலவறையைக் காலி செய்துவிட வேண்டும், கருவியைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அறை எதற்காம்? உடைந்த நாற்காலி போட்டு வைக்க. ஆறு வருஷ உழைப்பை விட்டுப் போவதுகூடப் பெரிதில்லை, கால் உடைந்த நாற்காலிக்கு இடம் விட்டுப் போவதை நினைத்தால்தான் அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

அந்த வெள்ளிக்கிழமை பதினோரு மணி விசிலும் ஊதியது. கடுகு சிதறியது. மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நிலவறைக் கதவை இடித்துத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார்.

வந்தவர் ஐந்தாம் மாடிக்காரர். நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவியோடு மூன்று மாதத்துக்கு முன்னால் வேறு இடத்திலிருந்து வந்தவர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கட்டடத்தில் எல்லாரும் அவரைப் பூகம்பம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது, கையில் முழ நீளக் காகிதச் சுருள்.

"ஏம்மா, தினம் பதினோரு மணிக்கு இங்க ஒரு நிலநடுக்கம் வருது, தெரியுமா உனக்கு?"

"என்ன சார் சொல்றீங்க?"

"பதினொண்ணுக்கு ஒண்ணு. பதினொண்ணு பத்துக்கு இன்னொண்ணு. மூணு மாசமா மண்டையை உடைச்சுக்கிறேன். கல்லு வெடிக்கிறாங்களான்னு விசாரிச்சேன், ரயில் போகுதான்னு விசாரிச்சேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வரல. ஏம்மா, பூமிக்கு வார விடுமுறை உண்டா? இன்னைக்குத்தான் பொறி தட்டுச்சு. விசில் சத்தம் கேட்டு நான் காலைப் பொத்துன்னு வச்சேன் பாரு, அதே நொடியில முள்ளு துள்ளுது!"

சுருளை மேஜையில் விரித்தார். நாள் முழுக்கக் கோடு மெல்லியதாக, சீராக, சோம்பேறித்தனமாக ஓடியது. ஊழியர்கள் அவரவர் பாட்டுக்கு நடந்து, இழுத்து, பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஒருவர் மிதித்ததை இன்னொருவர் மிதித்தது சமன் செய்துவிட, ஒரே மட்டம். பதினோரு மணிக்கு மட்டும் ஈட்டி மாதிரி ஒரு கோடு. பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று.

மருமகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நூற்று நாற்பத்து மூன்று பேர் ஒரே நொடியில் காலை ஊன்றினால் கட்டடம் குலுங்காமல் என்ன செய்யும்? அவள் கம்பியில் தொங்கும் வில்லை ஒரு தடவை ஆட ஆரம்பித்தால் அடங்கப் பத்து நிமிஷம் ஆகும். அமைதியோ சரியாகப் பத்து நிமிஷம். ஆக, விசில் ஊதி ஆட்டிவிட்டு, ஆடுகிற நேரம் முழுக்க அளந்துவிட்டு, அடங்கும் சமயத்தில் மறுபடி விசில் ஊதியிருக்கிறார்கள். ஆறு வருஷமாக! ராத்திரியும் ஞாயிறும் நிலவறையைப் பூட்டிவிடுவார்கள், வேலை நாளில் வேறு நேரத்தில் அவள் ஒரு தடவைகூட அளந்து பார்த்ததில்லை. இந்தச் சத்தத்தில் என்ன தெரியப் போகிறது என்ற எண்ணம்தான். இவ்வளவு படித்த பெண்ணை என்ன சொல்லித் திட்டுவது, சொல்லுங்கள்!

"சார், இதை அத்தைகிட்ட நீங்க சொல்றீங்களா?" என்றாள்.

"நானா? எனக்கு இந்தக் கட்டடத்துல இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா."

அவளேதான் போனாள். மாமியார் மேஜையில் சாவிக்கொத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். மருமகள் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கடைசியிலிருந்து ஆரம்பித்து, நடுவில் அழுது, முதலில் வந்து முடித்தாள். கேட்டு முடித்ததும் மாமியார் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அப்ப கெடுத்தது நான்தானா?"

"இல்ல அத்தை! கேட்டது நான். நீங்க என்ன பண்ணுவீங்க?"

மாமியார் முகம் ஒரு மாதிரி கோணியது. அழப்போகிறார் என்று மருமகள் பதறிக் கையைப் பிடித்தாள். அவரோ குபீரென்று சிரித்தார். சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டார்.

"காலி இடமே அசையாம நிக்காதுன்னு சொன்னவ நீதானே? அப்புறம் எந்த நம்பிக்கையில நூத்தி நாப்பத்தி மூணு பேரை நிக்க வச்ச? அந்த நூலகத்து ஆளு ஆறு வருஷமா தும்மலை விழுங்கிட்டு இருக்காரும்மா!"

மருமகளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ஆனால் மணி பன்னிரண்டு. ஐந்து மணிக்குள் நாற்பது நிமிஷம் கட்டடம் அதன் பாட்டுக்கு இருந்தால் போதும், அளந்துவிடலாம். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "அனைவர் கவனத்துக்கும். இனிமே யாரும் நிக்க வேண்டாம். கீழ கடைசி அளவு நடக்குது. எல்லாரும் வழக்கம்போல நடங்க."

அவ்வளவுதான், கெட்டது குடி. வழக்கம்போல நட என்று சொன்னால் எவனுக்கு நடக்க வருகிறது? முதல் மாடியில் எல்லாரும் நுனிக்காலில் நடந்தார்கள். இரண்டாம் மாடியில் கையை வீசுவதா வேண்டாமா என்று விவாதம். மூன்றாம் மாடிக்காரர்கள் உதவி செய்கிறோம் பேர்வழி என்று வரிசையாக, ஒரே சீராக நடந்து காட்டினார்கள். பூகம்பம் சார் மேலிருந்து போன் செய்து, "இப்ப நிமிஷத்துக்கு ஒரு நிலநடுக்கம்மா!" என்று அலறினார். இரண்டரை மணிக்கு மறுபடி ஒரு அறிவிப்பு, "தயவுசெஞ்சு எங்களை மறந்துடுங்க." அதைக் கேட்டதும் முழுக் கட்டடமும் அவளைப் பற்றி மட்டுமே நினைக்க ஆரம்பித்தது. அன்பு இருக்கிறதே, அது சில சமயம் பெரிய இம்சை.

நான்கு மணி. மருமகள் கருவியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள், வேறென்ன செய்ய. அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"அனைவர் கவனத்துக்கும்." மாமியார் குரல் தழுதழுத்தது. "கீழ எல்லாம் முடிஞ்சு போச்சு. அளக்க முடியல. கருவியை நிறுத்தியாச்சு, சாவியை வாங்கிட்டேன். ஆறு வருஷம் ஒத்துழைச்ச எல்லாருக்கும் நன்றி. போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க."

மருமகளுக்குத் தலையில் இடி இறங்கியது போலிருந்தது. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்! இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே! மேலே போய்க் கத்தலாமா என்று எழுந்தாள். எதற்குக் கத்துவது? மைக்கில் அத்தை சொன்னால் சொன்னதுதான், அது பொய்யானதே இல்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். திரையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கருவியை நிறுத்தவும் கை வரவில்லை. மேலே முதலில் பேச்சில்லை. பிறகு யாரோ நாற்காலியை இழுத்தார்கள். லிஃப்ட் கிளம்பியது. நகல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. நாலாவது மாடியில் எவனோ எதற்கோ சிரித்தான். ஆறு வருஷத்தை எவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டார்கள் பாவிகள் என்று இன்னும் கொஞ்சம் அழுதாள்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு ஓசையில்லாமல் திறந்தது. மாமியார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பேசாதீங்க என்கூட," என்றாள் மருமகள் தலையைத் தூக்காமல். "என் சாவை நீங்களே மைக்குல அறிவிச்சிட்டீங்க."

"வாயை மூடிட்டுத் திரையைப் பாருடி."

ஆறு வருஷத்தில் முதல் முறையாக வந்த 'டி' அது. அந்த அதிர்ச்சியிலேயே தலையைத் தூக்கினாள்.

புள்ளிகள் ஏறிக்கொண்டிருந்தன. கணக்கு சொன்ன சிவப்புக் கோட்டின் மேலேயே, ஒன்றன்பின் ஒன்றாக, முதலில் மட்டமாக, பிறகு லேசாக நிமிர்ந்து, இடைவெளி குறையக் குறைய விறுவிறுவென்று. வில்லைகளை யாரும் தொடவில்லை. நடுவில் காற்றில்லை, தூசியில்லை. ஒன்றுமில்லாதது தன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

"அத்தை, நீங்க…"

"பொய் சொன்னேன். முப்பது வருஷத்துல முதல் பொய். இனிமே தீப்பிடிச்சுதுன்னு கத்தினாலும் எவனும் எழுந்திருக்க மாட்டான்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்டயா? உன் மூஞ்சி எதையாவது மறைச்சிருக்கா? மூணு பேர் இறங்கி வந்து ஆறுதல் சொல்லப் பார்த்தாங்க. நீ அழற சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் நம்பித் திரும்பிப் போனாங்க."

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இயக்குநர் வாசலில் வந்து நின்றார், பின்னால் மூன்று கால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள். மாமியார் எழுந்திருக்கவில்லை, ஒரு விரலை மட்டும் உதட்டில் வைத்தார். இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்து, திரையைப் பார்த்து, வாயெடுத்ததை மறந்து, மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். இன்னும் நாலு புள்ளி. மருமகள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள், சிரிப்பு அப்படிப் பொங்கியது. மூன்று. இரண்டு. கடைசிப் புள்ளி கோட்டின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

அப்புறம் என்ன கேட்கிறீர்கள்! தலைகால் புரியவில்லை அவளுக்கு. மாமியாரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். இயக்குநரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். நாற்காலி கொண்டுவந்த ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள், அவரும் எதற்கென்று தெரியாமலே, "ரொம்ப சந்தோஷங்க," என்றார்.

"அத்தை! நீங்க வச்ச நம்பிக்கை வீண் போகல, பார்த்தீங்களா!"

"எந்த நம்பிக்கை?" மாமியார் தரையில் கிடந்த செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "எனக்கு இதுல ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லையேம்மா. ஒண்ணுமில்லாதது தள்ளுமாம்! பாவம் பைத்தியக்காரப் பொண்ணுன்னுதான் நினைச்சேன்."

மருமகள் குதிப்பதை நிறுத்தினாள். "பின்ன எதுக்கு ஆறு வருஷம் தினமும் ஊதினீங்க?"

மாமியாருக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது போலும். ஒரு செருப்பு கிடைத்துவிட்டது, மற்றது மேஜைக்கடியில் தெரிந்தது. குனிந்து அதை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"நீ கேட்டியே."